ஐம்பதைத் தாண்டி, முட்டி வலியோடு ஓடத் தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னை மந்தைவெளியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் லிப்ட் கிடையாது. வீடு மூன்றாவது மாடியில். ஐந்து வருடத்துக்கு முன்பு, காலையில் பால் பாக்கெட் எடுக்க இறங்கும்போது இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குவேன். வலது முட்டியில் மூட்டுத் தேய்மானம், இரண்டாம் நிலை என்று எக்ஸ்ரே அறிக்கையில் எழுதியிருந்தது. அப்போது எனக்கு வயது 53.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறேன். 5 கி.மீ. முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டுக்கு வந்து அதே படிக்கட்டில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறேன், இறங்குகிறேன். தேய்மானம் போய்விடவில்லை. முட்டியைச் சுற்றியிருக்கும் தசைக்குப் பலம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பலத்தை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதுதான் இங்கே விஷயம். எனக்கு யாராவது இதை முதலிலேயே சொல்லியிருந்தால் குறைந்தது நான்கு மாத வலி மிச்சமாகியிருக்கும்.

ஓடினால் முட்டி இன்னும் தேயாதா?

என்னிடம் எல்லாரும் கேட்ட கேள்வி இது. முதலில் பார்த்த மருத்துவரும் "இந்த வயசில் ஓட்டமெல்லாம் எதுக்கும்மா, முட்டி முழுசாப் போயிடும்" என்றுதான் சொன்னார். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது, எடுக்கும்போது விரிகிறது. இப்படி அழுந்தி விரிவதில்தான் சத்து உள்ளே போய் வருகிறது. அளவான பாரம் மூட்டுக்குத் தேவை. நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் அது கிடைக்காது.

2017-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், உடல்நலத்துக்காக அளவோடு ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முட்டித் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 சதவீதம். ஆனால் போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். இதில் கடைசி எண்ணையும் மறக்கக்கூடாது. நமக்கு வேண்டியது உட்கார்ந்தே இருப்பதற்கும் கடுமையாக ஓடுவதற்கும் நடுவில் இருக்கும் அளவு. தவிர, நல்ல மூட்டு இருந்ததாலேயே தொடர்ந்து ஓட முடிந்தவர்களும் அந்த முதல் கூட்டத்தில் இருப்பார்கள். அதனால் ஓடினால் தேய்மானம் குணமாகும் என்று யாரும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நம் ஊரிலேயே தெரிந்த உதாரணம் சென்னை மேயராக இருந்த மா. சுப்பிரமணியன். சாலை விபத்தில் முழங்காலில் பலத்த காயம்பட்டவர். அதற்கு அப்புறம்தான் ஓட ஆரம்பித்து, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை முடித்தார். அவரால் முடிந்ததால் எல்லாருக்கும் முடியும் என்று சொல்ல மாட்டேன். அடிபட்ட முட்டி என்றாலே ஓட்டம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த வலி என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா மூட்டு வலியும் தேய்மானம் ஆகாது. காலையில் எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். தேய்மான வலியில் பெரும்பாலும் அரை மணிக்குள் விறைப்பு விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், அல்லது விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு. அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் ஓட இறங்கக்கூடாது.

முட்டி திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, நடக்கும்போது கால் மடங்கிச் சரிவது, சூடாகச் சிவந்து வீங்குவது, தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலி, தொடை இடுக்கில் ஆழமான வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது: இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தேய்மானம் கடைசி நிலையான நான்காம் நிலை என்றால் நடை, சைக்கிள், நீச்சல் போதும். முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவர்களை ஓட வேண்டாம் என்றே பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். அதைக் கேளுங்கள்.

முட்டியைப் பற்றி யோசிக்கும் அவசரத்தில் இதயத்தை விட்டுவிடுகிறோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி எல்லாம் பாருங்கள். சர்க்கரை இருந்தால், குடும்பத்தில் மாரடைப்பு வந்திருந்தால், படியேறும்போது நெஞ்சு இறுகினால் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

அப்புறம் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். எனக்குக் கிடைத்தவர் என் மகள் வயதுப் பெண். எக்ஸ்ரேயைப் பிறகு பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துவிட்டு, "அம்மா, கையை ஊன்றாமல் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருங்க" என்றார். எனக்கு எழ முடியவில்லை. "முட்டிக்குத் துணையே இல்லம்மா, அதான் அது கத்துது" என்றார்.

இரண்டாம் படி: ஆறு வாரம் ஓடவே கூடாது

எல்லாரும் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். ஷூ வாங்கிய மறுநாளே ஓடத் தோன்றும். வேண்டாம். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. அதைத் தொடை, பிட்டம், கெண்டைக்கால் தசைகள் வாங்கிக்கொள்ள வேண்டும். அவற்றுக்குப் பலம் இல்லாவிட்டால் மூட்டுதான் வாங்கும்.

நாற்காலிப் பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவை இதன் மேல்தான் நிற்கின்றன. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகரக்கூடாது. நுனியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பளவு விலகி, குதிகால் முட்டிக்குச் சற்றே பின்னால் இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முன்னால் லேசாகக் குனிந்து எழுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். உட்காரும்போதுதான் உண்மையான வேலை: ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். 'தொப்' என்று விழுந்தால் அந்த முறை கணக்கில் இல்லை. முட்டிகள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்கின்றனவா என்று நிலைக்கண்ணாடியில் பாருங்கள். முட்டியின் நேர் எப்போதும் இரண்டாவது கால்விரலை நோக்கி இருக்க வேண்டும். முடியவில்லை என்றால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் தலையணையை எடுக்க ஒன்பது நாள் ஆனது, இரண்டாவதை எடுக்க மூன்று வாரம். பத்துப் பத்தாக மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

இதோடு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்குவது. எல்லாம் பத்துப் பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று சுற்று. அடுப்பில் பால் காயும்போது மேடையில் விரல் நுனியை வைத்துக்கொண்டு ஒரு காலில் நில்லுங்கள், அப்புறம் மறு காலில்.

பயிற்சி இல்லாத நாட்களில் நடை. 20 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழ முடிகிறது, ஒவ்வொரு காலிலும் 20 விநாடி நிற்க முடிகிறது, 45 நிமிடம் விறுவிறுவென நடந்தும் மறுநாள் முட்டி சும்மா இருக்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஆறு வாரத்தில் முடியாவிட்டால் பத்து வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை கூடுதலாக இருந்தால் இந்தக் காலத்திலேயே கொஞ்சம் குறையட்டும். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறும் பாரத்தில் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நான் குறைத்தது ஐந்து கிலோதான். அதுவே அடிக்கு இருபது கிலோ.

மூன்றாம் படி: ஷூவும் தரையும்

ஷூவுக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மாலையில் கடைக்குப் போங்கள், பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே ஓடிப் பாருங்கள். எது வசதியாக இருக்கிறதோ அதுதான் உங்கள் ஷூ. 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும். முட்டிக்கு மாட்டும் உறை வாங்கினால் தவறில்லை, ஆனால் தசை செய்யும் வேலையை அது செய்யாது.

தரை முக்கியம். மெரினாவின் உலர்ந்த மணலில் ஓடினால் முட்டிக்கு மெத்தென்று இருக்கும் என்று நினைப்போம். கால் புதைந்து, குதிகால் தசைநாணும் (தசையை எலும்போடு கட்டும் நார்) கெண்டைக்காலும் இழுபட்டு வேறு வலி வரும். ஈர மணல் இறுக்கமாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் தாழ்ந்தே ஓடுவோம். அதனால் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் பக்கம் போகும் நடைபாதையே எனக்குப் பிடித்தது. மழையிலும், மணல் படிந்த இடத்திலும் கல் வழுக்கும், அங்கே நடந்துவிடுங்கள். பெசன்ட் நகரில் ஷ்மிட் நினைவுச் சின்னத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையும் விடியற்காலையில் நன்றாக இருக்கும். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கி.மீ. பாதையும் சென்னையில் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா மாதிரி இடங்கள் நடைக் காலத்துக்கு அருமை. ஓட ஆரம்பித்ததும் ஆறு மணிக் கூட்டத்தில் அடிக்கடி நின்று திரும்ப வேண்டியிருக்கும், அந்தத் திருப்பம்தான் முட்டிக்கு ஆகாது. வட்டமான பாதை என்றால் பாதி நேரம் எதிர்த்திசையில் ஓடுங்கள். மேம்பாலத்தில் ஏறும்போது ஓடினாலும் இறங்கும்போது நடங்கள். இறக்கம்தான் முட்டியைச் சோதிக்கும்.

நான்காம் படி: ஓட்டமும் நடையும்

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் கட்டாயம் ஒரு நாள் இடைவெளி. ஒவ்வொரு முறையும் முதல் பத்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் நடை. இடையில் இப்படி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வாரம்:

1. அரை நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை: 8 முறை
2. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை: 7 முறை
3. ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை: 10 முறை
4. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை: 7 முறை
5. மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை: 6 முறை
6. ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை: 4 முறை

பன்னிரண்டு வாரம் என்று கணக்கு வரும். எனக்கு ஐந்து மாதம் ஆனது. ஆறாவது கட்டத்திலேயே நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை, நான் இன்றும் நடுவில் நடந்துதான் ஓடுகிறேன்.

வேகம் எப்படி? பக்கத்தில் ஓடுகிறவரிடம் வீட்டுக் கதையை முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். அடி சின்னதாக இருக்கட்டும். பாதம் உடம்புக்கு அடியிலேயே விழ வேண்டும். எட்டிப் போட்டால் நீட்டிய காலில் அடி நேராக முட்டிக்கு ஏறும். வலது பாதம் அரை நிமிடத்தில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். 38 வந்தால், வேகத்தைக் கூட்டாமல் 40 ஆக்கிப் பாருங்கள். அடிகளை இப்படி ஐந்து சதவீதம் கூட்டினாலே முட்டிக்குப் போகும் பாரம் குறைவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். எனக்கு அந்த வாரமே வித்தியாசம் தெரிந்தது.

ஐந்தாம் படி: மறுநாள் காலைப் படிக்கட்டு

ஓடும்போது உடம்பு சூடாக இருப்பதால் முட்டி உண்மையைச் சொல்லாது. மறுநாள் காலையில் முதல் முறை படியிறங்கும்போது சொல்லும். லிப்ட் இருந்தாலும் ஒரு மாடியாவது இறங்கிப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு ஒரு எண் கொடுத்து நாட்காட்டித் தாளில் குறித்து வையுங்கள்.

ஓடும்போது மூன்று வரை வலி இருக்கலாம், கால் நொண்டாத வரைக்கும். மறுநாள் படிக்கட்டில் வழக்கமான எண்ணே வந்தால் திட்டப்படி போங்கள். ஒன்றிரண்டு கூடி, மாலைக்குள் அடங்கிவிட்டால் அதே கட்டத்தை இன்னொரு வாரம் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகும் அடங்கவில்லை, அல்லது வீக்கம் இருக்கிறது என்றால் அடங்கும் வரை ஓட வேண்டாம், நடை மட்டும். அப்புறம் ஒரு கட்டம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

வீக்கத்தை எப்படிப் பார்ப்பது? காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிச் சிப்பியின் இரண்டு பக்கமும் பாருங்கள். சின்னக் குழி தெரியும். இரண்டு முட்டியையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் குழி தூர்ந்து மேடாகத் தெரிந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. நான் இதைக் கற்றது மூன்றாம் கட்டத்தில். அன்று கால் லேசாக இருந்தது. இளைஞர்கள் சிலர் "வாங்க ஆன்ட்டி" என்று கூப்பிட, கலங்கரை விளக்கத்திலிருந்து நிற்காமல் 2 கி.மீ. அவர்கள் வேகத்தில் ஓடிவிட்டேன். அப்போது வலியே இல்லை. மறுநாள் பால் பாக்கெட்டை எதிர்வீட்டுத் தம்பிதான் எடுத்துவந்து கொடுத்தார். குழி தெரிய மூன்று வாரம் ஆனது. தசைக்குப் பலம் வாரங்களில் வரும், தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் அடிபடுகிறார்கள்.

ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். அது வலியை மறைத்துவிடும். வியர்த்து நீர் குறைந்த உடம்பில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடுங்கள், எங்கள் வீட்டிலும் வாரம் ஒரு நாள் உண்டு. ஆனால் அதை நம்பி நாற்காலிப் பயிற்சியை விடாதீர்கள்.

குதிகால் வலி வந்தால், அதாவது காலையில் எழுந்து வைக்கும் முதல் அடி குத்தினால், வீட்டுக்குள் வெறுங்காலோடு கிரானைட் தரையில் நடப்பதை நிறுத்துங்கள். வீட்டுக்கென்று மெத்தென்ற செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்காலைத் தினமும் நீட்டிவிடுங்கள்.

வெயில், தண்ணீர், சாப்பாடு

சென்னையில் மே, ஜூன் மாதங்களில் 5.45 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும். ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் வீடு திரும்புங்கள். வெயிலைவிடப் புழுக்கம்தான் இங்கே எதிரி. வியர்வை காயாததால் உடம்பு குளிராது. கோடையில் புதிதாகத் தொடங்கினால் உடம்பு பழக இரண்டு வாரம் கொடுங்கள், அதுவரை வேகத்தைப் பார்க்காதீர்கள். தலை சுற்றினால், வியர்வை நின்று குளிரெடுத்தால் உடனே நிழலுக்குப் போய் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலித்தால் 108.

கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர். வந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர் போதும். ரத்த அழுத்தம் இருந்தால் உப்பின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலினோ கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடக்கூடாது, பையில் இரண்டு கடலை மிட்டாயும் குளுக்கோஸும் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஓடி வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கொப்புளம் வந்தாலும் சிலருக்கு உணர்வு தெரியாது.

இந்த வயதில் தசை சேர உடல் எடையின் ஒரு கிலோவுக்குத் தினமும் ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் அளவுக்கு இருக்கும். சாம்பாரும் ரசமும் போதாது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

பெண்களுக்கு

மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது சிறுநீர் கசிகிறது என்று வெளியே சொல்லாமல் ஓட்டத்தையே விட்டவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்பு அடித்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, அதில் தேர்ந்த பிசியோக்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைகிறது. கூச்சப்படாமல் கேளுங்கள். இருட்டு விலகும் முன் போவதானால் துணை தேடிக்கொள்ளுங்கள். சென்னை ரன்னர்ஸ் மாதிரியான குழுக்களில் நம் வயதுக்காரர்களும் ஓடுகிறார்கள், கடைசியில் வருகிறவருக்காகக் காத்திருக்கவும் செய்கிறார்கள்.

மழையும் காய்ச்சலும்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தேங்கிய தண்ணீரில் ஓடவே கூடாது, அடியில் பள்ளமா மூடியில்லாத குழியா என்று தெரியாது. அந்த நாட்களில் வீட்டிலேயே நாற்காலிப் பயிற்சியை இரட்டிப்பாக்குங்கள். மழைக்குப் பின்னால் வரும் கொசுதான் பெரிய கவலை. காய்ச்சலோடு ஓடக்கூடாது. டெங்கு வந்தவர்கள் ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) சரியாகி, மருத்துவர் சொன்ன பிறகு நடையிலிருந்து தொடங்க வேண்டும். சிக்குன்குனியா வந்தால் மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதைப் பழைய தேய்மானம் என்று நினைத்து ஓடிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். காலை விறைப்பு அரை மணிக்குள் அடங்கும் வரை நடை மட்டும்.

எந்தக் காரணத்தாலும் இரண்டு வாரம் விட்டுப்போனால் ஒரு கட்டம் பின்னால் போங்கள். ஒரு மாதம் என்றால் இரண்டு கட்டம். மூன்று மாதம் என்றால் நாற்காலியை மறுபடியும் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பத்து முறை எழ முடிகிறதா என்று பாருங்கள்.